கத்திரி வெயிலில் குழந்தைகள்: விடுமுறை முழுவதற்கும் ஒரு வழிகாட்டி

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் நண்பகல் சூரியன் கன்னியாகுமரிக்கு நேர் மேலே நிற்கிறது. அங்கிருந்து நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து மாதக் கடைசியில் சென்னையின் உச்சிக்கு வந்துவிடுகிறது. முழு ஆண்டுத் தேர்வை முடித்துவிட்டுப் பள்ளிகள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதும் அதே வாரங்களில்தான். அப்புறம் மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி மாதக் கடைசி வரை நீள்கிறது. ஆண்டின் மிகக் கடுமையான வெயிலும், பிள்ளைகள் நாள் முழுக்க வெளியே திரியும் காலமும் நம் ஊரில் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டும் என்று இந்த வழிகாட்டி சொல்லப்போவதில்லை. விடுமுறையில் ஓடி விளையாடாத பிள்ளைக்கு அது விடுமுறையே இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தலை சுற்றினால் நிழலில் உட்காருவோம், தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்போம். ஆட்டத்தின் நடுவில் இருக்கும் எட்டு வயதுப் பையன் இரண்டையும் செய்யமாட்டான். கைக்குழந்தையால் சொல்லவே முடியாது. பிள்ளை சொல்லட்டும் என்று காத்திருக்காமல் பெரியவர்கள் முந்திக்கொள்வதுதான் இங்கே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

பிள்ளைகளின் உடம்பு வெப்பத்தைச் சமாளிக்கும் விதமே வேறு. எடையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தோலின் பரப்பு நம்மைவிட அதிகம். சுற்றுப்புறம் உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது அந்தப் பரப்பு வழியாக வெப்பம் வேகமாக உள்ளே ஏறுகிறது. அவர்களுக்கு வியர்வை குறைவாகச் சுரக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு கிலோ எடைக்கும் உடம்பு உண்டாக்கும் வெப்பமோ அதிகம். இந்த மூன்றும் சேர்வதால்தான் நாம் 'கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறது' என்று நினைக்கும் அதே இடத்தில் பிள்ளை துவண்டு விழுகிறது.

படி 1: நாளின் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது இதுதான், செலவும் இல்லை. தமிழ்நாட்டில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணியைக் கொஞ்சம் தாண்டி. தோலையும் கண்ணையும் பாதிக்கும் புற ஊதாக் கதிர்கள் அப்போது உச்சத்தில் இருக்கும். காற்றின் வெப்பம் உச்சம் தொடுவது அதற்கும் பின்னால், பிற்பகல் 2 மணியிலிருந்து 3 மணிக்குள். அதனால் காலை 10 முதல் மாலை 4 வரையிலான நேரத்தை ஒரே தொகுப்பாகப் பார்ப்பது நல்லது. 10 மணிக்குப் பிறகு நிழலில் மட்டும் விளையாடலாம். 12 முதல் 3 வரை வெளியே வேண்டாம். 4 மணிக்கு மேல் மைதானத்துக்குப் போகலாம்.

மணி பார்க்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு எளிய வழி சொல்லிக்கொடுங்கள். தரையில் விழும் தன் நிழல் தன்னைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று பொருள், நிழலுக்குப் போய்விட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைகூட இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்ளும்.

கோடைக்காலப் பயிற்சி முகாம்களில் சேர்ப்பவர்கள் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது? நிழல் எங்கே இருக்கிறது? தண்ணீருக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துவீர்கள்? காலை 6 முதல் 8.30 வரை நடக்கும் கிரிக்கெட் வகுப்பு நல்லது. 'பையன் உறுதியாகணும்' என்று 11 மணிவரை ஓடவிடும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

வானிலைச் செய்தியையும் கவனியுங்கள். சமவெளியில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரிக்கு மேல் கூடினால் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை என்று அறிவிக்கிறது. கடலோரத்துக்கு அந்த அளவு 37 டிகிரி. கடலோரத்தில் ஏன் குறைவு என்றால், காற்றில் ஈரம் அதிகம் இருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே நிற்கும், உடம்பு ஆறாது. வேலூரில் 41 டிகிரி வறண்ட வெயில் எவ்வளவு ஆபத்தோ, சென்னையில் கடற்காற்று வராத ஒரு நாளின் 37 டிகிரியும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆபத்து. எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

படி 2: உடம்பை வெயிலுக்குப் பழக்குங்கள்

இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஆண்டு முழுக்க ஏசி அறையிலும் வகுப்பறையிலும் இருந்த பிள்ளை, விடுமுறை விட்ட மறுநாள் பாட்டி ஊருக்குப் போய் நாள் முழுக்க வயலிலும் வாய்க்காலிலும் திரிகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை, நம் பிள்ளைக்கு மட்டும் இரண்டாம் நாளே வாந்தியும் தலைவலியும். 'டவுன் பிள்ளை, தாங்காது' என்பார்கள். உண்மையில் உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பையும் குறைவாக இழக்கும்.

ஆகவே முதல் நாள் காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் போதும். அடுத்தடுத்த நாள்களில் மெல்லக் கூட்டுங்கள். குளிர் நாடுகளிலிருந்து விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் முதல் வாரத்தில் கோயில் குளம் என்று அலைச்சலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

படி 3: தாகத்துக்கு முன்பே தண்ணீர்

கேரளப் பள்ளிகளில் 2019-இல் 'வாட்டர் பெல்' தொடங்கினார்கள். மணி அடித்தால் எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. வீட்டிலும் அதையே செய்யலாம். கைப்பேசியில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வையுங்கள். 'தண்ணி குடிச்சியா?' என்று கேட்டால் 'குடிச்சேன்' என்றுதான் பதில் வரும். டம்ளரைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள்.

எவ்வளவு குடிக்க வேண்டும்? நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சாதாரண நாளிலேயே ஒன்றேகால் லிட்டர் தேவை. ஒன்பது வயதுக்கு மேல் ஒன்றேமுக்கால் முதல் இரண்டு லிட்டர். வெயிலில் விளையாடினால் இதற்கு மேல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளரோ ஒரு டம்ளரோ. ஆனால் மில்லிலிட்டர் கணக்கு பார்ப்பதைவிடச் சிறுநீரைப் பார்ப்பது எளிது. வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாகப் போனாலோ, ஆறு மணி நேரமாகப் போகவே இல்லை என்றாலோ தண்ணீர் போதவில்லை.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் தரவே கூடாது. 'வெயில் காலமாச்சே, ஒரு சங்கு தண்ணி ஊத்து' என்று வீட்டுப் பெரியவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். தாய்ப்பாலில் 88 விழுக்காட்டுக்குக் குறையாமல் தண்ணீர்தான் இருக்கிறது, குழந்தைக்கு அதுவே போதும். தண்ணீர் சின்ன வயிற்றை நிரப்பிப் பால் குடிப்பதைக் குறைத்துவிடும். தண்ணீர் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கும் வரும். வெயில் நாளில் அடிக்கடி பால் கொடுங்கள், தாய் நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர்க் கோடை உணவு இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோர் வியர்வையில் போன நீரையும் உப்பையும் ஒருசேரத் திருப்பித் தருகிறது. விளையாடி வந்த பிள்ளைக்கு அதைவிட நல்ல பானம் கடையில் இல்லை. பழைய சோற்று நீராகாரம், கம்பங்கூழ், பானகம், வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் நல்லவை. நுங்கைச் சின்னக் குழந்தைக்கு முழுதாகக் கொடுக்காதீர்கள், வழுக்கித் தொண்டையில் அடைக்கும். தோலை உரித்து மசித்துக் கொடுங்கள். பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏற ஏறப் புளிக்கும். தர்பூசணியை முழுதாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். சாலையோரத்தில் வெட்டி வைத்த துண்டும், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸும்தான் கோடை வயிற்றுப்போக்குக்குப் பெரிய காரணங்கள்.

இளநீர் அருமையான பானம். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து துவண்ட பிள்ளைக்கு இளநீர் மட்டும் போதாது, ஓஆர்எஸ் எனப்படும் உப்பு–சர்க்கரைக் கரைசல் வேண்டும். மருந்துக் கடையில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி தயாரித்தது என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் மட்டும் அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு சர்க்கரை மிகுந்த பழச்சாறுகளை விற்றதால்தான், சூத்திரத்தோடு பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளந்தே போடுங்கள்.

படி 4: உடை, தலை, கால்

தளர்வான, வெளிர்நிறப் பருத்தி. கையில்லாத பனியனோடு வெயிலில் அனுப்புவதைவிட மெல்லிய முழுக்கைச் சட்டை நல்லது, தோலில் வெயில் படாமல் காற்றும் புகும். கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டுமே மறைக்கும். காதும் பிடரியும் மறையும்படி சுற்றிலும் விளிம்புள்ள துணித் தொப்பி வாங்குங்கள், இல்லையென்றால் நனைத்துப் பிழிந்த துண்டு. கைக்குழந்தைக்கு டயப்பரைப் பகலில் முடிந்தவரை தவிர்த்துப் பருத்தித் துணி கட்டுங்கள்.

காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சித்திரை மாதம் திருவிழா மாதம். மதுரைச் சித்திரைத் திருவிழா, சமயபுரம் தேர் என்று எல்லா ஊரிலும் கூட்டம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் பெரியவர்கள் கருங்கல் தளத்தில் குதிகாலைத் தூக்கி ஓடிவிடுவோம். நம் தோல் தடிப்பு. இரண்டு வயதுப் பிள்ளையின் பாதம் நொடிகளில் கொப்பளித்துவிடும். தென்னை நார் விரிப்பும் வெள்ளைப் பூச்சும் இருக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள், தடித்த பருத்திக் காலுறை போட்டுவிடுங்கள், முடியாத இடத்தில் தூக்கிக்கொள்ளுங்கள். நண்பகல் தரிசனத்தைத் தவிர்த்து விடியற்காலையிலோ இரவிலோ போவது இன்னும் நல்லது. பூங்காவில் இரும்புச் சறுக்குமரம், மொட்டை மாடித் தளம், வெயிலில் நின்ற பைக்கின் சீட்டு எதுவானாலும் உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் பிள்ளைக்கும் அது வேண்டாம்.

படி 5: தோலும் கண்ணும்

கறுத்த தோலுக்கு இயற்கையாகவே ஓரளவு பாதுகாப்பு உண்டு. அதனால் நம் பிள்ளைகளுக்கு நிழலும் துணியும் முதலில், சன்ஸ்க்ரீன் அதற்குப் பிறகு என்பதே என் கருத்து. விளம்பரங்கள் வரிசையை மாற்றிச் சொல்கின்றன. நீச்சல் வகுப்பு, கடற்கரை, நெடுநேர வெளி விளையாட்டு இருந்தால் பூசுங்கள். எஸ்பிஎஃப் என்ற பாதுகாப்பு அளவு 30-க்குக் குறையாதது, யுவிஏ, யுவிபி என்ற இரண்டு வகைப் புற ஊதாக் கதிர்களையும் தடுப்பது, சின்னப் பிள்ளைக்கு ஜிங்க் ஆக்சைடு வகை. வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், தண்ணீரில் இறங்கி ஏறினாலும் அப்படியே. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசாதீர்கள், வெயிலில் காட்டாமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

சிறுவர்களின் கறுப்பு விளையாட்டுக் கண்ணாடிகளைத் திருவிழாக் கடையில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். இருட்டில் கண்மணி விரியும். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கண்ணாடி என்றால் விரிந்த கண்ணுக்குள் இன்னும் அதிகக் கதிர் போகும்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 'அங்கே குளுகுளுன்னு இருக்கு, வெயிலுக்கு என்ன பயம்' என்று நினைப்பது இயல்பு. வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. ஆயிரம் மீட்டர் ஏற ஏற அந்தக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல். குளிரில் சுடுவதே தெரியாமல் நாள் முழுக்கப் படகிலும் குதிரையிலும் சுற்றிவிட்டு, இரவில் கன்னமும் மூக்கும் எரிகிறது என்று பிள்ளை அழும். தொப்பியும் சன்ஸ்க்ரீனும் உண்மையில் தேவைப்படும் இடம் அதுதான்.

படி 6: வீட்டுக்குள் வெப்பம்

வெயிலைப் பற்றிப் பேசும்போது வீட்டை மறந்துவிடுகிறோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கீழும், மேல்மாடி ஒற்றை அறையிலும் தூங்கும் பிள்ளைகளுக்கு இரவிலும் உடம்பு ஆறுவதில்லை. மறுநாள் வெயிலுக்குப் பாதித் தெம்போடுதான் எழுகிறார்கள். வெயில் உள்ளே வந்தபின் திரையால் மறைப்பதைவிட, சன்னலுக்கு வெளியே தட்டியோ ஓலைப் பாயோ கட்டி வெயிலை வெளியிலேயே நிறுத்துவது நல்லது. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அல்லது சுண்ணாம்பு அடிக்கலாம். ஷீட் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பலாம், அடுப்புப் புகைபோக்கிக்கும் மின் கம்பிக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பகலில் சன்னலைச் சாத்தி, சூரியன் இறங்கியதும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

அறையே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி வெந்த காற்றைத்தான் உடம்பின்மேல் வீசும். அப்போது பிள்ளையின் உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள், ஈரம் ஆவியாகும்போது உடம்பு ஆறும். இல்லையென்றால் தெருவில் குளிர்ந்த வீடு எதுவோ, நூலகமோ, அங்கே பகல் இரண்டு மூன்று மணி நேரத்தைக் கழியுங்கள்.

படி 7: காரும் பைக்கும்

பூட்டிய காருக்குள் பிள்ளையை ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். வெளியே 35 டிகிரி இருந்தால், பத்து நிமிடத்தில் உள்ளே 45-ஐ நெருங்கும், அரை மணியில் 50-ஐத் தாண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. பெரியவர்களைவிடப் பிள்ளையின் உடம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். பின் சீட்டில் தூங்கும் குழந்தையை மறந்து இறங்குவது அன்பில்லாதவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை, தூக்கம் குறைந்து வழக்கம் மாறிய எந்தப் பெற்றோருக்கும் நேரலாம். கைப்பையையோ இடது செருப்பையோ பின் சீட்டில் வைக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் இறங்கும்போது பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் காரையும் பூட்டியே வையுங்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே ஏறி, திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட சம்பவங்கள் உண்டு.

கைக்குழந்தையோடு பைக்கில் போகும்போது முகத்தைத் துப்பட்டாவால் மூடுவோம். தூசுக்கு அது சரி, ஆனால் உள்ளே காற்று போகாது. பகல் நேரப் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். தள்ளுவண்டியின்மேல் துணி போர்த்துவதும் இதே தவறுதான்.

படி 8: சின்னச் சின்னத் தொல்லைகள்

வேர்க்குரு: வியர்வைத் துளை அடைபடுவதால் வருகிறது. அதன்மேல் பவுடரைக் கொட்டினால் அடைப்பு கூடும், கைக்குழந்தை அந்தத் தூளை மூச்சில் இழுத்துவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டு வேளைக் குளியல், பருத்தி, காற்று, கலமைன் லோஷன் போதும். சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வேனல் கட்டிக்கு மாம்பழத்தைக் குற்றம் சொல்கிறோம், அது தோலில் கிருமி புகுவதால் வருவது. நகத்தை வெட்டுங்கள், கட்டியைப் பிதுக்காதீர்கள், பிள்ளைக்கு மாம்பழம் கொடுங்கள்.

நீர்க்கடுப்பு பெரும்பாலும் தண்ணீர் போதாததால்தான். நிறையக் குடிக்கவைத்தால் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். காய்ச்சலோடு கடுப்பு வந்தால், குறிப்பாகப் பெண் பிள்ளைக்கு, அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். தொப்புளில் சுண்ணாம்பு தடவிவிட்டுக் காத்திருக்காதீர்கள். எண்ணெய்க் குளியல் தாராளமாகச் செய்யுங்கள், குழந்தையின் காதிலும் மூக்கிலும் மட்டும் எண்ணெய் விடாதீர்கள்.

படி 9: வெப்பம் தாக்கிவிட்டால்

இந்தப் பகுதியை வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் படிக்க வேண்டும், தாத்தா பாட்டிக்கு வாசித்தே காட்டிவிடுங்கள்.

முதல் கட்டம், வெப்பச் சோர்வு. முகம் வெளிறும், நிறைய வியர்க்கும், தலைவலி, குமட்டல், காலில் தசைப்பிடிப்பு, எரிச்சல். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை தானாக வந்து மடியில் சாயும். கைக்குழந்தை என்றால் பால் குடிக்காமல் சுணங்கும், அழுதால் கண்ணீர் வராது, உச்சிக்குழி உள்வாங்கும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். முழு நினைவோடு இருந்தால் ஓஆர்எஸ் அல்லது உப்பு மோரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால், மருத்துவரைப் பார்க்கவும் தாமதிக்காதீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கரண்டியால் தொடங்குங்கள். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தெளிந்துவிட்டாலும் அன்றைக்கு விளையாட்டு கிடையாது.

இரண்டாவது, வெப்ப வாதம். உடம்பின் உட்சூடு 40 டிகிரியை, அதாவது 104 பாரன்ஹீட்டைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்ட நிலை. அடையாளம் ஒன்றுதான் முக்கியம்: பிள்ளையின் நிதானம் மாறும். உளறும், கூப்பிட்டால் சரியாகப் பதில் வராது, தள்ளாடும், வலிப்பு வரலாம், நினைவு தப்பும். 'இன்னும் வியர்க்கிறதே, அப்போ ஒன்றுமில்லை' என்று நம்பிவிடாதீர்கள். விளையாடும்போது வெப்ப வாதம் வரும் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வியர்வையாகவே இருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் அதே நொடியில் குளிர்விக்கத் தொடங்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரட்டும் என்று நிற்கக் கூடாது. உடைகளைக் கழற்றுங்கள். வாளியில் இருக்கும் தண்ணீரைத் தலையிலிருந்து கால்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள், இன்னொருவர் அட்டையாலோ முறத்தாலோ பலமாக விசிறட்டும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் வையுங்கள். ஈரத்துண்டு போர்த்தினால் அது ஒன்றிரண்டு நிமிடத்தில் சூடேறிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விளையாடி மயங்கிய பெரிய பிள்ளையை, தலையை வெளியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீர்த் தொட்டியில் உட்காரவைப்பது மிக வேகமான வழி. நினைவு தெளிவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது, இது கிருமியால் வந்த காய்ச்சல் அல்ல. பிள்ளை கண் விழித்துத் தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் பாதித்திருப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

வலிப்பு நோய், இதயக் கோளாறு, உடல் பருமன் உள்ள பிள்ளைகளையும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து தேறிக்கொண்டிருப்பவர்களையும் வெப்பம் சீக்கிரம் தாக்கும். சில வலிப்பு மருந்துகளும் ஒவ்வாமை மருந்துகளும் வியர்வையைக் குறைக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

படி 10: தண்ணீரைத் தேடிப் போகும் பிள்ளைகள்

வெயில் தாங்காமல் பிள்ளைகள் போகும் இடம் கிணறு, கல்குவாரிக் குட்டை, ஏரி, வாய்க்கால். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நீரில் மூழ்கி இறந்த பிள்ளைகளின் செய்தி வராத வாரம் இல்லை. குவாரிக் குட்டையில் ஓரமே ஆழம், மண் அள்ளிய ஆற்றிலும் ஏரியிலும் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியில் பள்ளம். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் நின்று பார்க்காமல் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. மூழ்கும் நண்பனைக் காப்பாற்றக் கூடவே குதிப்பதால்தான் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேர் போகிறார்கள். குதிக்காமல் கயிறு, துண்டு, காலி பிளாஸ்டிக் குடம் எதையாவது வீசச் சொல்லிப் பழக்குங்கள். வீட்டில் தவழும் குழந்தைக்கு அரை வாளி நீரே ஆபத்து.

பள்ளி திறந்த பிறகு

கத்திரி முடிந்ததும் எல்லோரும் அசந்துவிடுகிறோம். சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. 2023-இலும் 2024-இலும் வெயில் தணியாததால் பள்ளி திறப்பு ஜூனில் தள்ளிப்போனது. அதனால் திறந்த முதல் இரண்டு வாரமும் கோடைப் பழக்கங்களை விடாதீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்தனுப்பி, மாலையில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பாருங்கள். கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், நிறையப் பேர். பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வந்தால் பிள்ளையைத் திட்டாமல், வகுப்பாசிரியரிடம் கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள். காலை வணக்கக் கூட்டம் நிழலில் நடக்கிறதா, உடற்கல்வி வகுப்பு எந்த நேரத்தில் இருக்கிறது, வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை எவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, ஓட்டுநர் வேனைப் பூட்டும் முன் ஒவ்வொரு சீட்டாகப் பார்க்கிறாரா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.